தட்டில் வெல்லும் ஊதா பாக்டீரியா தவளைத் தோலில் ஏன் நிலைப்பதில்லை?

வளர்தட்டு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு மாதங்களாக ஒரு காட்சி என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையின் நீந்தும் வித்துகளை, நுண்ணுயிர் வளர்க்கும் கூழான அகார் ஊற்றிய தட்டு முழுவதும் பரப்பி, ஈரம் உலரும்வரை காத்திருந்து, நடுவில் ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற பாக்டீரியாவை ஒரே கோடாக இழுத்தேன். ஒரு வாரம் கழித்துத் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் தடித்த கோடு. அதன் இரு பக்கமும் கண்ணாடி போலத் தெளிந்த வெறும் அகார். அதற்கு அப்பால்தான் பூஞ்சை, நொய் தூவியது போலப் படிந்திருந்தது. தெளிந்த பகுதியை நுண்ணோக்கியில் வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடினேன். வித்துப்பை ஒன்றுகூட இல்லை. இந்தப் பூஞ்சையால் அழிந்த தவளை இனங்களின் பட்டியலைப் படித்துவிட்டு வந்தவள் நான். அந்தத் தெளிந்த இடத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகுதான் உயிருள்ள தவளைகளில் நடந்த ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையைச் சேர்ந்த மஞ்சள்கால் தவளைகளை இதே பாக்டீரியா கலந்த நீரில் குளிப்பாட்டிவிட்டுப் பூஞ்சையைச் செலுத்தினார்கள். ஆய்வகத்தில் அவை பிழைத்துக்கொண்டன. இது 2009-இல் வந்த முடிவு. பனாமாவின் பொன்தவளைக்கு அதையே செய்தார்கள். 2011-இல் வந்த முடிவு: பாக்டீரியா கொஞ்ச காலம் தோலில் தென்பட்டது, பிறகு குறைந்தது, சாவைத் தடுக்கவில்லை.

அதே பாக்டீரியா, அதே பூஞ்சை. தவளை மட்டும் வேறு. என் தட்டில் இவ்வளவு தெளிவாக வெல்லும் ஒன்று அங்கே ஏன் தோற்றது? என் வழிகாட்டியிடம் கேட்டேன். "தட்டு என்பது தவளை அல்ல" என்றார். சரிதான். ஆனால் எந்த வகையில் அல்ல என்பதுதான் என் கேள்வி.

---

நுணல்

நல்ல கேள்வி, மகளே. முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் அது உதவும்.

1998-இல் ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்த தவளைகளின் தோலில் இந்தப் பூஞ்சையைக் கண்டார்கள். மறு ஆண்டு, வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஒரு நீல நச்சுத் தவளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வளர்த்து, பாட்ராகோகைட்ரியம் டெண்ட்ரோபாட்டிடிஸ் என்று பெயரிட்டார்கள். 2019-இல் வெளியான கணக்கெடுப்பு, குறைந்தது 501 நீர்நிலவாழ் இனங்கள் இதனால் சரிந்தன என்றும் அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் சொன்னது. ஒரே நோய் இத்தனை முதுகெலும்பி இனங்களைத் தின்றதற்கு வேறு எடுத்துக்காட்டு இல்லை. பூஞ்சையின் மரபணுக்களைப் பின்னோக்கித் தொடர்ந்தவர்கள் 2018-இல் கொரியத் தீபகற்பத்தில் போய் நின்றார்கள். கடந்த நூற்றாண்டில் உயிருள்ள தவளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றிய வணிகம் அதைப் பரப்பியது. ஆசியத் தவளைகள் பெரும்பாலும் இதனோடு நெடுங்காலம் பழகியவை. அதனால் அங்கே கூட்டச் சாவு தெரியவில்லை.

தோலில் வளரும் பூஞ்சை எப்படி உயிரைக் குடிக்கிறது என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். தவளைக்குத் தோல் வெறும் போர்வை அல்ல. அது தண்ணீர் குடிப்பது தோலால், மூச்சு விடுவதில் ஒரு பங்கு தோலால், சோடியமும் பொட்டாசியமும் உடலை விட்டுப் போகாமல் பிடித்து வைப்பதும் தோலால். பூஞ்சை அந்தத் தோலைத் தடிக்க வைத்து உப்புகளின் போக்குவரத்தைக் குலைக்கிறது. இரத்தத்தில் உப்பு இறங்கிக்கொண்டே போய், கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. 2009-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பூஞ்சை குடியேறுவது கெரட்டின் என்ற கடினமான புரதம் உள்ள இடத்தில். தலைப்பிரட்டைக்கு அது இருப்பது வாயைச் சுற்றி மட்டும். ஆகவே பூஞ்சை அங்கே மட்டும் ஒட்டிக்கொண்டு உயிரை விட்டுவைக்கிறது. அதே பிரட்டை கால் முளைத்து, வால் கரைந்து, தோல் முழுக்கக் கெரட்டின் படியும் அந்தச் சில வாரங்களில்தான் சாவு வருகிறது. கரையேறும் வயதில் சாவு என்பது என்னால் இன்றுவரை ஏற்க முடியாத கொடுமை.

இனி உன் பாக்டீரியா. இந்த யோசனை மருந்துக் கடையிலிருந்து வந்ததல்ல. வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தின் ரீட் ஹாரிஸ், வால் உள்ள தவளை உறவினமான நான்குவிரல் சாலமாண்டரின் கூடுகளைக் கவனித்துவந்தார். பாசிக்குள் முட்டையிட்டுவிட்டுத் தாய் அதைச் சுற்றிப் படுத்துக் கிடக்கும். அந்தத் தோலில் பூஞ்சையைத் தடுக்கும் பாக்டீரியாக்கள் குடியிருந்தன. தாய் உடம்பால் முட்டைகளைத் தொட்டுக்கொண்டிருப்பது அவற்றுக்கு ஒரு காவல் என்ற எண்ணம் அங்கிருந்து எழுந்தது. பனாமாவின் கண்ணாடித் தவளை ஒன்றில், இலையின் அடியில் ஒட்டிய முட்டைகளுக்கு ஆண் தவளை காவல் இருக்கும். அங்கும் பெற்றோரின் தோல் பாக்டீரியா முட்டைக்குப் போய்ச் சேர்வதற்கான சான்று கிடைத்தது.

ஆக, இயற்கையில் இது ஒரு நாள் குளியலால் வருவதல்ல. நாள் கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்து ஒப்படைக்கப்படும் சொத்து. உன் கேள்விக்கு விடை அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

---

ஈரக்கல்

ஐயா சொன்னதோடு களத்தில் வேலை செய்தவனாகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். மூன்று ஆண்டுகள் தவளைத் தோலிலிருந்து மாதிரி எடுத்திருக்கிறேன்.

மாதிரி எடுக்கும் முறையைச் சொன்னாலே தோல் என்ன வகை இடம் என்று புரியும். ஒரு தவளைக்கு ஒரு புதுக் கையுறை. பிடித்தவுடன் நேரே பஞ்சுக்குச்சியை வைப்பதில்லை. முதலில் கிருமி நீக்கிய நீரால் அலசுவோம். சேறும் குளத்து நீரும் கொண்டுவந்த வழிப்போக்கர்கள் அதில் போய்விடுவார்கள், தோலோடு ஒட்டி வாழ்பவை தங்கும். அதன் பிறகு வயிற்றில், இரு தொடைகளின் உட்பக்கத்தில், பின்னங்கால் விரலிடைச் சவ்வில், ஒவ்வோர் இடத்திலும் எண்ணிக்கை தவறாமல் குச்சியை உருட்டித் தேய்க்க வேண்டும். உள்ளங்கையில் அந்தக் குளிர்ந்த உடம்பு மூச்சு வாங்குவது தெரியும். கை சூடாகிவிடும் என்பதால் சீக்கிரம் முடித்து அதே இடத்தில் விட்டுவிடுவோம்.

அந்த அலசலில் போகாமல் நிற்பவைதான் குடிமக்கள். வளர்தட்டு அவர்களே, உங்கள் அகாரில் போட்டிக்கு ஆளே இல்லை. சாப்பாடு தாராளம், இடம் தாராளம், பாக்டீரியா வைத்ததுதான் சட்டம். தவளைத் தோலில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான வகைகள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. கிருமிகளை எதிர்க்கத் தவளையே சுரக்கும் பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துண்டுகள் வேறு. அந்தப் பெப்டைடுகள் பூஞ்சையை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை, புதிதாக வரும் பாக்டீரியாவையும் தாக்கக்கூடும். அத்தோடு தவளை சில நாட்களுக்கு ஒருமுறை மேல்தோலை உரித்து, வாயால் இழுத்துத் தானே தின்றுவிடும். நீங்கள் குளிப்பாட்டி ஏற்றிய கூட்டத்தில் பெரும்பகுதி அந்த ஒரு விழுங்கலில் போய்விடுகிறது. அடியில், சுரப்பிகளின் வாயில் வேர்கொண்டவைதான் மீண்டும் பரவும். புதிதாய் வந்தது அந்த ஆழத்துக்குப் போக நேரம் கிடைப்பதற்குள் தோல் உரிந்துவிடும்.

ஒரு தடவை ஒரே தவளையைத் தோல் உரிக்கும் முன்னும் மறு நாளும் பிடிக்க வாய்த்தது. இரண்டாவது தட்டில் வளர்ந்த புள்ளிகள் முதலாவதில் பாதிகூட இல்லை. அன்றுதான் இந்த வேலையின் கடினம் எனக்கு உறைத்தது.

---

பச்சைத்தொட்டி

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ஆய்வாளன் அல்லன், வீட்டில் மரத்தவளைகள் இரண்டு வளர்க்கிறேன். மீன் தொட்டிக்கு ஊற்றும் நன்மை செய்யும் பாக்டீரியா திரவம் என்னிடம் இருக்கிறது. அதைத் தவளைத் தொட்டியில் ஊற்றினால் இந்தப் பூஞ்சை வராமல் தடுக்குமா? அல்லது இந்த ஊதா பாக்டீரியாவை எங்காவது வாங்க முடியுமா? ஒரு தவளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மனம் பதறுகிறது.

---

மருத்துவர் கயல்

பச்சைத்தொட்டி நண்பரே, முதலில் உங்கள் தவளை. வெளிநோயாளி விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், எதையும் ஊற்றாதீர்கள். மீன் தொட்டித் திரவத்தில் இருப்பவை கழிவு அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள். பூஞ்சையைத் தடுக்க அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. ஊதா பாக்டீரியாவும் கடைச் சரக்கு அல்ல, இருக்கவும் கூடாது.

சாப்பிடாமல் இருப்பதற்கு வெப்பம், ஈரப்பதம், புழு என்று பல காரணங்கள் இருக்கலாம். தோல் வழக்கத்தைவிட அதிகமாக உரிகிறதா, பகலில் வெளியே அசையாமல் உட்கார்ந்திருக்கிறதா, திருப்பிப் போட்டால் உடனே புரண்டு எழுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் அயல்விலங்குகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பஞ்சுக்குச்சி மாதிரியில் மரபணுச் சோதனை செய்து பூஞ்சையை உறுதிப்படுத்த முடியும். உறுதியானால் இட்ராகொனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தில் குளிப்பாட்டும் சிகிச்சை இருக்கிறது. அளவு இனத்துக்கு இனம் மாறும், பிரட்டைகளுக்கும் இளங்குஞ்சுகளுக்கும் அது நஞ்சாகலாம், ஆகவே நீங்களாகச் செய்யக் கூடாது. மற்ற தவளையை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டி நீரை வடிகாலிலோ குளத்திலோ கொட்டாதீர்கள், வெளுப்பான் கலந்து கிருமி நீக்கிய பிறகே அகற்றுங்கள். அந்த நீரில் நீந்தும் வித்துகளுக்கு வீட்டுத் தவளைக்கும் காட்டுத் தவளைக்கும் வேறுபாடு தெரியாது.

என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள்.

---

வெட்டவெளி

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லாரும் பாக்டீரியாவின் பக்கம் நின்று பேசுகிறீர்கள். எனக்கு வேறு கருத்து இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன்.

முதலாவது, இது காட்டில் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று மெலிந்தது. வளர்தட்டு குறிப்பிட்ட அதே சியரா நெவாடாவில், கூட்டச் சாவு நடந்துகொண்டிருந்த ஏரிகளிலேயே களச் சோதனை செய்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. இளந்தவளைகளுக்கு முதலில் இட்ராகொனசோல் கொடுத்துப் பூஞ்சையைக் குறைத்து, பிறகு ஊதா பாக்டீரியாவை ஏற்றினார்கள். தோலில் பாக்டீரியா கூடியது, கொஞ்ச காலத்துக்கு மட்டும். பூஞ்சையின் சுமையும் குறையவில்லை, உயிர் பிழைத்தலும் கூடவில்லை. ஆய்வகத்தில் வெற்றி கொடுத்த அதே தவளை வகையில் இதுதான் நிலைமை.

இரண்டாவது, நன்மை செய்யும் பாக்டீரியா என்ற பெயரே என்னை உறுத்துகிறது. யாருக்கு நன்மை? இதே ஜாந்தினோபாக்டீரியம் வானவில் டிரவுட் மீன்களில் நோய் உண்டாக்கியதாகப் பதிவு இருக்கிறது. பொன்தவளையில் பிற்பாடு சோதித்த பாக்டீரியாக்களில் ஒன்று ஸ்டெனோட்ரோபோமோனாஸ் மால்டோபிலியா. அது மருத்துவமனைகளில் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களைத் தாக்குவது. தவளைக்கு நல்லது என்று ஒரு நீர்நிலையில் விடுகிறோம், அந்த நீர் தவளைக்கு மட்டும் சொந்தமா?

மூன்றாவது, வேறு வழிகள் பலன் கொடுக்கின்றன. சியரா நெவாடாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் நோயைத் தாண்டிப் பிழைத்த தவளைகளை எடுத்து, அற்றுப்போன ஏரிகளில் மீண்டும் விட்டார்கள். பூஞ்சை அங்கேயே இருக்க, அவை பெருகின. 2024-இல் வந்த செய்தி இது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் மக்வாரி பல்கலைக்கழகத்தார் துளையுள்ள செங்கற்களைச் சிறு பசுமைக்குடிலுக்குள் அடுக்கி வெயிலில் வைத்தார்கள். பச்சைத்தங்கத் தவளைகள் தாமாகவே அந்தச் சூட்டைத் தேடிப் போய் உட்கார்ந்து நோயைக் கழித்தன. அப்படிக் குணமானவை மறு தொற்றையும் நன்றாகத் தாங்கின. செங்கல் யாருக்கும் கெடுதல் செய்யாது. நேரமும் ஆட்களும் குறைவாக இருக்கும்போது எதில் செலவிடுவது என்பதுதான் கேள்வி.

---

ஈரக்கல்

வெட்டவெளி நண்பரே, 2022 ஆய்வை எடுத்து வைத்ததற்கு நன்றி. நானே எழுதியிருக்க வேண்டும். அதை மறைத்துக்கொண்டு பேசினால் இந்தத் துறைக்கே துரோகம். உங்கள் இரண்டாவது வாதத்தையும் ஏற்கிறேன். வெளியிலிருந்து கொண்டுவந்த பாக்டீரியாவைக் குளத்தில் விடுவதை நான் எதிர்ப்பேன்.

ஆனால் மூன்றாவதோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிழைத்த தவளைகளை எடுத்து விடலாம் என்றால், பிழைத்தவை இருக்க வேண்டும். சியராவில் இருந்தன. பொன்தவளை காட்டில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது, மிஞ்சியவை காப்பகக் கண்ணாடிப் பெட்டிகளில். எங்கிருந்து எடுப்பது? செங்கல் சூடு, வெயில் படும் சமவெளி ஈரநிலத்துக்கு ஏற்றது. எப்போதும் முகில் மூடிய மலைக்காட்டு ஓடையில், சூடு ஏறினால் தானே மாளும் தவளைக்கு என்ன செய்வது? கைட்ரிட் நன்றாக வளர்வது 17 முதல் 25 டிகிரி வரை. மலைத்தவளையின் வாழ்விடமும் அதேதான். அந்த இடத்துக்கு நம்மிடம் வேறு எதுவும் இல்லை. அதனால்தான் இந்த வழியைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

கைவிட மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மஞ்சள்கால் தவளைக் கூட்டங்களை ஒப்பிட்டபோது, நோயோடு கூடவே வாழ்ந்த கூட்டத்தில் பூஞ்சை எதிர்ப்பு பாக்டீரியாவைச் சுமந்த தவளைகளின் பங்கு கூடுதலாக இருந்தது. அழிந்த கூட்டத்தில் அது குறைவு. காட்டிலேயே நடக்கும் ஒன்றை நாம் கையால் செய்யத் தெரியாமல் இருக்கிறோம் என்பதுதான் இதற்குப் பொருள்.

---

நுணல்

பொன்தவளையின் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் அது பலமுறை வந்துவிட்டது, தோல்வியாக மட்டுமே வந்தது.

முதல் சோதனையில் பயன்பட்ட பாக்டீரியா வட அமெரிக்கச் சாலமாண்டரின் தோலில் இருந்து எடுத்தது. குளிர்நாட்டுச் சாலமாண்டரின் குடியாளைக் கொண்டுபோய் வெப்பமண்டலத் தவளையின் தோலில் குடிவைத்தார்கள். நாற்றை மண் பார்த்து நடாவிட்டால் வேர் பிடிக்குமா? அதை உணர்ந்துதான் அடுத்த முறை பனாமாத் தவளைகளிலிருந்தே எடுத்த நான்கு பாக்டீரியாக்களைச் சோதித்தார்கள். 2015-இல் வெளியானது. அவையும் தங்கவில்லை.

ஆனால் அந்த ஆய்வில் நடந்த ஒன்று எனக்கு எந்த வெற்றியைவிடவும் பெரிதாகப் படுகிறது. சில பொன்தவளைகள் நோயைக் கழித்துவிட்டு உயிரோடு நின்றன. எந்தப் பாக்டீரியாவை ஏற்றினார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சோதனை தொடங்குமுன் அவற்றின் தோலில் என்ன கூட்டம் இருந்ததோ, அதுதான் பிழைத்தவற்றையும் மடிந்தவற்றையும் பிரித்துக் காட்டியது. அற்றுப்போகும் நிலையில் இருக்கும் ஓர் இனத்தில், சிலவற்றின் தோலில் மட்டும் ஏற்கெனவே சரியான குடியிருப்பு அமைந்திருந்தது! வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து இறக்கியவர்கள், உள்ளே யார் யார் கூடி வாழ்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த விடை இதுதான், மகளே. ஒரு பாக்டீரியாவை மருந்து போலப் பூசுகிறோம். தவளைக்கு வேண்டியது ஒரு கூட்டு. பல வகைகள் சேர்ந்து வளர்ந்தால், தனித்தனியே வளரும்போது காட்டாத எதிர்ப்பைக் காட்டுகின்றன என்று தட்டுச் சோதனைகளிலேயே தெரிந்திருக்கிறது. பாக்டீரியாவின் பொருளும் தவளையின் பெப்டைடும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் குறைந்த அளவிலேயே பூஞ்சையை நிறுத்துகின்றன.

---

மருத்துவர் கயல்

ஐயா சொன்னதற்கு ஒரு சிக்கலைச் சேர்க்க வேண்டும். பூஞ்சை வந்த பிறகு தோல் கூட்டமே மாறிவிடுகிறது. சியரா தவளைகளில் 2014-இல் இதைச் சோதனையாகவே நிறுவினார்கள். ஆகவே நோயுற்ற தவளையின் தோலில் குறைவாக இருக்கும் பாக்டீரியாவைப் பார்த்து, "இது இல்லாததால்தான் நோய்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நோய் வந்ததால் அது போயிருக்கலாம். பிணி பார்ப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

---

பச்சைத்தொட்டி

மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. தவளையைக் கொண்டுபோய்க் காட்டினேன். பூஞ்சை இல்லை, குடலில் புழுத் தொல்லை. மருந்து கொடுத்திருக்கிறார்கள். நேற்று இரவு ஒரு பூச்சியைப் பாய்ந்து பிடித்தது. இந்த இழையைத் தொடர்ந்து படிப்பேன்.

---

வெட்டவெளி

பச்சைத்தொட்டி, நல்ல செய்தி.

ஈரக்கல், சூடு ஏற முடியாத மலைத்தவளையைப் பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். அது என் வாதத்தில் இருந்த ஓட்டை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே குளிர் உங்கள் பக்கத்தையும் இடிக்கிறது. தவளைத் தோலின் பாக்டீரியாக்கள் பூஞ்சைக்கு எதிராகச் சுரக்கும் பொருளின் வலிமை குளிரில் குறைகிறது என்று ஆய்வு இருக்கிறது. குளிர்காலத்தில் தவளையின் சொந்த எதிர்ப்பாற்றலும் மந்தம். பூஞ்சைக்கோ அது வசதியான பருவம். வளர்தட்டு தன் தட்டை எந்த வெப்பத்தில் வைத்தார்?

மேலும் எனக்கு ஒரு நிபந்தனை வேண்டும். அந்த இனத்தின் தோலிலிருந்தே எடுத்தது, அந்த நீர்நிலையிலேயே ஏற்கெனவே வாழ்வது, இந்த இரண்டும் இல்லாத எதையும் காட்டில் விடக் கூடாது. இதற்கு உடன்படுவீர்களானால் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.

---

ஈரக்கல்

முழு மனதோடு உடன்படுகிறேன். கொலராடோவில் மலைத்தேரைகளுக்குச் செய்வதும் இந்த வழிதான். காப்பகத்தில் வளர்ந்த தேரைகளின் தோல் கூட்டமும் காட்டுத் தேரைகளின் கூட்டமும் வேறுபட்டிருந்தன. உள்ளூர்த் தேரைகளிடமிருந்தே எடுத்த ஊதா பாக்டீரியாவை ஏற்றியபோது, பூஞ்சை செலுத்திய பின் பிழைத்தவற்றின் எண்ணிக்கை கூடியது. 2016-இல் அந்த முடிவு வந்தது. அதைத் தொடர்ந்து கொலராடோ பல்கலைக்கழகத்தாரும் மாநில வனவிலங்குத் துறையினரும் மலைக்குப் போய், அப்போதுதான் கரையேறிய தேரைக்குஞ்சுகளைப் பாக்டீரியா கலந்த நீரில் குளிப்பாட்டி, வந்த சதுப்பிலேயே விட்டார்கள்.

அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். நுணல் ஐயா சொன்ன அதே சில வாரங்கள். பிரட்டையின் தோல் தேரையின் தோலாக மாறும்போது பழைய நுண்ணுயிர்க் கூட்டம் கலைந்து புதியது அமைகிறது. வீடு காலியாக இருக்கும் நேரம். வளர்ந்த தவளையில் இடம் கிடைக்காத ஒன்றுக்கு அப்போது கதவு திறந்திருக்கலாம். பூஞ்சைக்கும் அதே கதவுதான், ஆகவே யார் முந்துகிறார்கள் என்பதே கேள்வி.

ஒவ்வொரு குஞ்சையும் பிடித்துக் குளிப்பாட்டத் தேவையில்லாத வழியும் சோதிக்கப்பட்டிருக்கிறது. மண்ணில் பாக்டீரியாவைக் கலந்து வைத்தபோது, அந்த மண்ணில் இருந்த சாலமாண்டர்களின் தோலுக்கு அது ஏறியது. தோல் உரிந்தாலும் மண் மீண்டும் கொடுக்கும். நான் முன்பு புலம்பிய தோலுரிப்புச் சிக்கலுக்கு இதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த மறுமொழி. ஆனால் மண்ணில் கலப்பது என்றால் வெட்டவெளியின் நிபந்தனை இரு மடங்கு கடுமையாகப் பொருந்தும்.

---

வளர்தட்டு

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமாக மறுமொழி எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

வெட்டவெளி அவர்களின் கேள்விக்கு: தட்டை 21 டிகிரியில் வைத்தேன். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வசதியான வெப்பம். மலை ஓடையின் இரவு அல்ல. என் திட்டத்தில் அதை எழுதவே இல்லை. இனி எழுதுவேன்.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் உரையாடல் என்னைத் தேட வைத்தது. இந்தப் பாக்டீரியாவின் ஊதா நிறத்துக்குக் காரணம் வயலசீன் என்ற பொருள். பூஞ்சையை நிறுத்துவதில் பெரும் பங்கு அதற்குத்தான். செம்முதுகுச் சாலமாண்டர்களில் செய்த ஆய்வில், தோலில் வயலசீன் ஏறத்தாழ 18 மைக்ரோமோலார் (செறிவின் அலகு) அளவை எட்டியவை நோயைத் தாங்கின என்று படித்தேன். எண் இருந்தால் போதாது, அந்த அளவை எப்படி எட்டுகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? பாக்டீரியா எப்போதும் வயலசீன் சுரப்பதில்லை. ஒவ்வொரு செல்லும் ஒரு சைகைப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. கூட்டம் நெருங்கி, அந்தச் சைகை ஒரு செறிவைத் தாண்டிய பிறகுதான் எல்லாம் சேர்ந்து ஊதாவாகின்றன.

இதைப் படித்த அன்று இரவே ஆய்வகத்துக்குப் போய் என் பழைய தட்டுகளை எடுத்தேன். நான்கு மாதமாகப் பார்த்த அதே தட்டுகள். கோட்டின் தொடக்கத்தில், பாக்டீரியாவை இழுத்த கம்பி முதலில் தொட்ட இடத்தில், பாக்டீரியா தடித்துக் கிடந்தது. அங்கே நிறம் கருநாவல். கோடு போகப் போக மெலிந்து, நுனியில் செல்கள் சிதறி நிற்கும் இடத்தில் நிறமே இல்லை, பால் ஆடை போல வெளிறியிருந்தது. பூஞ்சை இல்லாத தெளிந்த பகுதியும் தடித்த இடத்தில் அகன்று, நுனியை நோக்கிக் குறுகி, கடைசியில் பூஞ்சை அந்த வெளிறிய நுனியைத் தொட்டுக்கொண்டே வளர்ந்திருந்தது. நான் எப்போதும் கோட்டின் நடுவைத்தான் படம் எடுத்தேன். நடுவைத்தான் அளந்தேன்.

இப்போது பொன்தவளையின் தோலை நினைத்துப் பார்க்கிறேன். குளியலில் ஏறிய பாக்டீரியா மறைந்துவிடுவதற்கு முன்பே, மெலிந்த அளவிலேயே வாயடைத்துப் போயிருக்கலாம். இருந்தும் சுரக்காமல் இருந்திருக்கலாம். இது என் ஊகம், நிறுவப்பட்டது அல்ல. ஆனால் நான் சோதிக்கக்கூடிய ஊகம்.

வழிகாட்டியிடம் தட்டின் நுனியைக் காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த நுனியிலிருந்து தொடங்கு" என்றார்.

---

நுணல்

கோட்டின் நுனியைப் பார்த்தாயே, மகளே! எத்தனை பேர் நடுவைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். எந்தெந்தச் செறிவில் தொடங்கப் போகிறாய்?

---

வளர்தட்டு

ஐயா, பத்தில் ஒன்று என்று ஏழு படி நீர்க்கப் போகிறேன். ஒவ்வொரு படியும் மூன்று தட்டு, ஒரு தொகுதி 21 டிகிரியில், ஒரு தொகுதி 14 டிகிரியில். சில தட்டுகளில் பாக்டீரியா தனியாக, சிலவற்றில் தவளைத் தோலிலிருந்து எடுத்த வேறு மூன்று வகைகளோடு கலந்து. தோழர் ஈரக்கல்லிடம் ஒரு வேண்டுகோள்: தோல் உரித்த மறு நாள் எடுத்த மாதிரியில் எத்தனை செல்கள் தேறின என்ற கணக்கு உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். என் மிக மெலிந்த தட்டை அந்த எண்ணில் தொடங்க விரும்புகிறேன்.

---

ஈரக்கல்

குறிப்பேட்டில் இருக்கிறது. ஆறு தவளைகளின் கணக்கு. இன்று இரவு தட்டச்சு செய்து தனிச்செய்தியில் அனுப்புகிறேன். இரண்டின் எண்ணிக்கை மிகவும் குறைவு, பிழையோ என்று அன்று ஒதுக்கி வைத்தேன். அவற்றையும் சேர்த்தே அனுப்புகிறேன்.